அம்மா கேட்ட வாக்கியங்கள்

என் அம்மா இங்கிலீஷ் படித்தது என்னிடம்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வீட்டில் வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான். அப்பாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்த இயந்திரங்களின் பெயர்கள். தம்பி அப்போதுதான் முதலாம் வகுப்பில் எழுத்துகளைத் தலைகீழாக எழுதப் பழகிக்கொண்டிருந்தான். நான் ஆறாம் வகுப்பு. ஆகவே ஆசிரியப் பதவி தானாக என்னிடம் வந்து சேர்ந்தது.

இலங்கையில் டிக்கோயாவுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவாகியிருந்த சமயம் அது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் எங்களுக்கென்று கொடுத்திருந்த துண்டு நிலத்தில், சுவர் மட்டும் எழும்பிய ஒரு வீடு கூரையில்லாமல் மழையில் நனைந்துகொண்டு நின்றது. அதற்கு மேலே தகரம் போட வேண்டும், பயணத்துக்கு அதுதான் காரணம். ஹட்டனிலிருந்து ஏஜென்சிக்காரர் வந்து எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். "கொஞ்சம் இங்கிலீஷ் தெரிஞ்சா நல்ல வீடாப் பாத்து அனுப்பலாங்க. ஒண்ணும் தெரியாட்டி கெடைக்கிற வீட்டுக்குத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அம்மா என்னைப் பார்த்தாள். நல்ல வீடு என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் மலைக்கு மேலே இருந்த தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாதான். அப்படி ஒன்று அம்மாவுக்குக் கிடைப்பதும் கிடைக்காததும் என் கையில்தான் இருக்கிறது என்று அந்த நிமிஷமே நம்பிவிட்டேன்.

பாடத்தைத் திட்டம் போட்டுத்தான் ஆரம்பித்தேன். முதலில் வீட்டில் இருக்கும் சாமான்கள். இது கோப்பை, அது வாளி, இது கதவு. பிறகு உடம்பின் பாகங்கள். அதற்குப் பிறகு கிழமைகள். அம்மா அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே நான் சொன்னதையெல்லாம் இரண்டு நாள் பொறுமையாகத் திருப்பிச் சொன்னாள். மூன்றாவது நாள் கையை உதறிக்கொண்டு கேட்டாள்.

"இதெல்லாம் இருக்கட்டும் பாப்பா. நா எடுக்கலைன்னு எப்பிடிச் சொல்றது?"

"என்னாத்த எடுக்கல?"

"எதையுந்தான். சும்மா, நா எடுக்கல. அம்புட்டுத்தான்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதே வாரம்தான் எங்கள் பாடசாலையில் அந்தப் பாடம் நடந்துகொண்டிருந்தது. நடந்ததைச் சொல்வது எப்படி என்பது முடிந்து, நடக்காததைச் சொல்வது எப்படி என்பதற்கு டீச்சர் வந்திருந்தார். அம்மாவுக்கு எப்படி அது தெரிந்தது என்று யோசித்தேன்.

அந்தப் பாடத்தை எங்கள் வகுப்பு மறக்காது. நேற்றுக் கொழும்புக்குப் போனாயா என்று டீச்சர் இங்கிலீஷில் கேட்பார். போகவில்லை என்று நாங்கள் சொல்ல வேண்டும். "நோ, ஐ டிட் நொட் வென்ட்" என்று வகுப்பே ஒரே குரலில் கத்தியது. டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். போனேன் என்றால் வென்ட், சரி. ஆனால் டிட் என்ற சொல் முன்னால் வந்துவிட்டால் பின்னால் வருவது பழையபடி கோ ஆகிவிட வேண்டும் என்று விளக்கினார். அதைப் பிடித்துக்கொண்ட பிறகு எங்களுக்குக் கொண்டாட்டம்தான். கப்பலில் போனாயா, போகவில்லை. கேக் சாப்பிட்டாயா, சாப்பிடவில்லை. யானையைப் பார்த்தாயா, பார்க்கவில்லை. எங்கேயும் போகாமல், எதையும் பார்க்காமல் இருந்ததற்காக எங்களுக்கு முழுப் புள்ளி கிடைத்தது அந்த வாரத்தில் மட்டும்தான்.

ஆகவே அம்மா கேட்டதும் பெரிய மனுஷி போல நிமிர்ந்து உட்கார்ந்தேன். எடு என்றால் டேக், எடுத்தேன் என்றால் டூக் என்று முதலில் சொல்லிக்கொடுத்தேன். எடுக்கவில்லை என்பதை நான் சொல்வதற்கு முன்னாலேயே அம்மா முந்திக்கொண்டாள். "ஐ டிட் நொட் டூக்."

"டூக் இல்லம்மா. டேக்."

"நேத்து நடந்ததுன்னா டூக்குன்னு நீதான சொன்ன?"

"நேத்துங்கிறத டிட் எடுத்துக்கிருச்சும்மா. மறுபடி டேக் எதுக்கு எடுக்கணும்?"

அம்மா பிசைவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். தலையில் கயிறு மாட்டி முதுகில் கொழுந்துச் சுமையைத் தூக்கிப் பழகியவள் அவள். மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், சுமையை இறக்கித் தராசில் மாட்டிவிட்டால் முதுகு வெறுமையாகிவிடும். அதைத்தான் சொன்னாள். "பாரத்தத் தராசுல மாட்டியாச்சு. இனி ஆளு வெறுங்கைய வீசிக்கிட்டு நடக்கலாம். அப்பிடித்தான?" நான் ஆமாம் என்றேன். டீச்சரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அம்மா அந்தப் பிழையைச் செய்தது மிகவும் குறைவு. "நடக்காத சங்கதிக்கு நேத்து என்னா, இன்னைக்கு என்னா" என்று தனக்குத் தானே சொல்லிச் சிரித்தும்கொண்டாள்.

அடுத்த நாள் உடைக்கவில்லை என்பதைக் கேட்டாள். அதற்கு அடுத்த நாள் சாப்பிடவில்லை. பிறகு திறக்கவில்லை, தூங்கவில்லை, போனில் பேசவில்லை. ஒரு நாள், புள்ளையை நான் அடிக்கவில்லை என்பதை எப்படிச் சொல்வது என்று கேட்டாள். நான் திணறிப்போய்ப் பாடசாலையில் விசாரித்து வந்து சொல்லிக்கொடுத்தேன். இப்படியே ஒவ்வொரு மாலையும் ஒரு இல்லை வந்துகொண்டிருந்தது. ஆக்கினேன், கழுவினேன், கூட்டினேன் என்று அம்மா அங்கே போய் உண்மையாகவே செய்யப்போகிற வேலைகள் எத்தனை இருந்தன. அவற்றை நான் ஆசையோடு சொல்லிக்கொடுக்கப் போனால், "அதையெல்லாம் செஞ்சு காட்டுனாப் போதும், சொல்ல வேணாம்" என்று ஒதுக்கிவிடுவாள்.

எனக்கு இது பெரிய புதிராகிவிட்டது. உலகத்தில் யாராவது ஒரு பாஷையை இல்லை என்பதிலிருந்து படிக்கத் தொடங்குவார்களா? அம்மாவுக்குக் கஷ்டமான பாடம்தான் பிடிக்கிறதோ என்று முதலில் நினைத்தேன். பிறகு, வெளிநாட்டுக்காரர்கள் செய்ததைப் பற்றிப் பேசுவதே இல்லையோ என்று சந்தேகம் வந்தது. இதைத் தீர்த்துக்கொள்ள ஒரே வழிதான் இருந்தது. கடைசிக் காம்பராவில் இருந்த பெரியம்மாவைக் கேட்பது.

அவர் சொந்தப் பெரியம்மா இல்லை, அம்மாவோடு கொழுந்து எடுத்தவர். சில வருஷம் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டு அப்போதுதான் திரும்பி வந்திருந்தார். பூப்போட்ட பெரிய கம்பளி ஒன்று கொண்டுவந்திருந்தார். லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் முறை வைத்து அதைத் தொட்டுப் பார்த்தோம். வந்ததிலிருந்து அவர் அதிகம் பேசுவதில்லை. யாராவது கதவைக் கொஞ்சம் வேகமாகத் தட்டினால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து நின்றுவிடுவார். அது வெளிநாட்டு மரியாதை என்று நினைத்து நானும் சில நாள் அதேபோல எழுந்து நின்று பார்த்தேன். அம்மா அந்த நாட்களில் வேலை விட்டு வரும்போது அவரிடம் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். வந்ததும் என்னிடம் புதிய வாக்கியம் கேட்பாள்.

"பெரியம்மா, அங்க இங்கிலீஷ்ல என்னா பேசுவாங்க?" என்று நான் கேட்டேன்.

அவர் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "ஏன் எடுத்தேன்னு கேப்பாங்க" என்றார்.

"எடுத்தாத்தான கேப்பாங்க?"

"எடுக்காட்டியும் கேப்பாங்க."

"அப்ப என்னா சொல்லணும்?"

"நா எடுக்கலைன்னு சொல்லணும். சொல்லத் தெரியணும். எனக்குத் தெரியல புள்ள, நா அழுவேன். அழுதா எடுத்தவதான்னு நெனச்சுக்குவாங்க."

நான் வீட்டுக்கு நடந்து வந்தபோது புதிர் தீர்ந்துபோயிருந்தது. எங்கள் டீச்சரும் இதைத்தானே செய்கிறார்? நாங்கள் போகாத கொழும்புக்குப் போனாயா என்று கேட்கிறார், போகவில்லை என்று சொல்ல வைக்கிறார். அந்த நாட்டிலும் வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் இப்படித்தான் பயிற்சி கொடுக்கிறார்கள் போலும். எடுக்காததை ஏன் எடுத்தாய் என்று கேட்டு, இங்கிலீஷ் வருகிறதா என்று பார்க்கிறார்கள். பெரியம்மாவுக்குப் பாடம் வராததால் அழுதிருக்கிறார். எங்கள் வகுப்பிலும் அழுகிறவர்கள் இருந்தார்கள்தானே. என் அம்மா அழக்கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டேன்.

சொற்கள் எல்லாம் அம்மாவுக்குச் சீக்கிரமே வந்துவிட்டன. வராதது ஒன்றே ஒன்றுதான். வாக்கியத்தைத் தலையை நிமிர்த்திச் சொல்ல வேண்டும், எதிரில் இருப்பவரைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது டீச்சரின் கண்டிப்பு. அம்மா அடுப்பைப் பார்த்துச் சொல்வாள், மாவைப் பார்த்துச் சொல்வாள், தன் கால் விரலைப் பார்த்துச் சொல்வாள். என்னைப் பார்த்துச் சொல்லம்மா என்றால் குரல் பாதியில் இறங்கிவிடும். தோட்டத்தில் அப்படித்தான். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது திட்டு விழுந்தாலும், மடுவத்தில் திட்டு விழுந்தாலும், தலையைக் குனிந்து "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். பதில் பேசுகிறவளுக்கு மறுநாள் செங்குத்தான மலை கிடைக்கும். அம்மாவின் அம்மாவும் அப்படித்தான் இருந்திருப்பாள். நான் அம்மாவின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி வைத்து, "இப்பச் சொல்லு" என்பேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். பாடம் அதோடு கெட்டுவிடும்.

ஒரு சனிக்கிழமை அம்மாவுக்குத் தேத்தண்ணிப் போத்தலை எடுத்துக்கொண்டு மடுவத்துக்குப் போயிருந்தேன். பெண்கள் வரிசையில் நின்றார்கள். அம்மாவின் சாக்குத் தராசில் ஏறியது. கணக்கப்பிள்ளை அதற்குள் கையை விட்டு ஒரு பிடி இலையை அள்ளி எல்லோருக்கும் காட்டினார். "பூராவும் முத்தல். அடியில முத்தலப் போட்டு மேல கொழுந்தப் பரப்பிருக்க. வெளிநாடு போற தெனாவெட்டா?" என்றார். அம்மா முத்தல் இலை எடுக்கிறவள் இல்லை. வரிசையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், அதுதான் வழக்கம். அம்மாவும் குனிந்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்தாள். கணக்கப்பிள்ளையின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஐ டிட் நொட் புட்."

கணக்கப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். அவர் சிரித்ததும் சிரிக்கலாம் என்று தெரிந்து மற்றவர்களும் சிரித்தார்கள். "துரைசாணி அம்மா, இன்னொருக்காச் சொல்லுங்க" என்று அவர் கை கட்டி நின்று கேட்டார். முத்தலுக்கு என்று அவர் வழக்கம்போல எடையில் கழித்துக்கொண்டார், அம்மா சாக்கை உதறி மடித்துக்கொண்டு வெளியே வந்தாள். போத்தலை நான்தான் திறந்து கொடுத்தேன்.

எனக்கோ அப்போது பெரிய ஏமாற்றம். அம்மா நிமிர்ந்து சொன்னதில் சந்தோஷம்தான். ஆனால் வேறு எந்தச் சொல்லும் கிடைக்காமல் புட் என்ற சொல்லா கிடைக்க வேண்டும்? போடு என்றாலும் புட், போட்டேன் என்றாலும் புட். எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறாத சொல் அது. அம்மா தெரிந்து சரியாகச் சொன்னாளா, தெரியாமல் சரியாகச் சொன்னாளா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. வீடு வந்து சேரும் வரை அதையே கேட்டுக்கொண்டு வந்தேன். அம்மா இடையில் நின்று, "நா பாத்துச் சொன்னேனா?" என்று மட்டும் கேட்டாள். பார்த்துத்தான் சொன்னாய் என்றேன். "அப்பச் சரி" என்றாள்.

பயணத்தன்று ஹட்டனுக்குப் போகிற வேன் மேல் றோட்டில் வந்து நின்றது. தம்பி அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, அப்பா அவனைத் தூக்கிக்கொண்டார். நான் அழவில்லை. பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் டீச்சர் அழுதால் நன்றாகவா இருக்கும்? வேன் கதவு வரை கூடப் போய் ஒவ்வொரு வாக்கியமாகக் கேட்டேன். அம்மா ஒவ்வொன்றாகச் சரியாகச் சொன்னாள். ஏறி உட்கார்ந்த பிறகு சன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டாள்.

"ஒண்ண விட்டுட்டேன் பாப்பா. நா பொய் சொல்லலைன்னு எப்பிடி?"

பொய் சொல் என்பதற்கு லை என்று எனக்குத் தெரியும். பொய் சொன்னேன் என்பதற்கு என்ன என்பது தெரியவே தெரியாது. பயந்துபோனேன். அப்புறம்தான் நினைவு வந்தது, டிட் வந்துவிட்டால் அது தேவையே இல்லை. "ஐ டிட் நொட் லை" என்று கத்தினேன். வேன் புறப்பட்டுவிட்டது. அம்மாவின் வாய் அசைவதைப் பார்த்தேன், திருப்பிச் சொல்லிக்கொண்டே போகிறாள் என்று தெரிந்தது. இலக்கணம் இத்தனை இரக்கமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு பல வாரங்கள் பேச முடியவில்லை. வேலைக்குப் போன வீட்டில் போன் தரமாட்டார்கள் என்று ஏஜென்சிக்காரர் சொன்னார். வீடு எப்படி, நல்ல வீடா என்று அப்பா கேட்டதற்கு, பெரிய வீடு என்று பதில் வந்தது. பெரிய வீடு என்றால் நல்ல வீடுதானே என்று நான் மகிழ்ந்துபோனேன். ஒரு நாள் பின்நேரம் அப்பாவின் போன் அடித்தது. லயத்துக்குள் சிக்னல் நிற்காது, அதனால் மூவரும் மேல் றோட்டு வளைவுக்கு ஓடினோம். அப்பா பேசினார், தம்பி பேசினான். என் முறை வந்ததும் நான் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"நா சொல்லிக்குடுத்தத அங்க சொன்னியாம்மா?"

"சொன்னேன் பாப்பா."

"எதச் சொன்ன?"

கொஞ்சம் இரைச்சல் கேட்டது. பிறகு அம்மாவின் குரல் வந்தது. "எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"எல்லாத்தையுமா? புள்ளைய அடிக்கலைங்கிறதையுமா?"

"ஒண்ணு விடாம."

"டூக்குன்னு சொல்லிறலியே?"

"இல்ல. டேக்குன்னுதான் சொன்னேன். பாத்துத்தான் சொன்னேன்."

"அதுக்கு மேடம் என்னா சொன்னாங்க?"

"தம்பி ஒழுங்காச் சாப்பிடுறானா?" என்று அம்மா கேட்டாள். சாப்பிடுகிறான் என்பதற்குள் போன் நின்றுவிட்டது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றுகூட வீண்போகவில்லை, எல்லாவற்றுக்கும் அங்கே வேலை இருந்திருக்கிறது. இரண்டு மாதம் முடிவதற்குள் இத்தனையும் கேட்டிருக்கிறார்கள் என்றால், அம்மாவை எவ்வளவு கெட்டிக்காரி என்று நினைத்திருப்பார்கள். மறுநாள் மணி அடிப்பதற்கு முன்பே டீச்சரின் மேசைக்கு ஓடிப்போய்ச் செய்தியைச் சொன்னேன். என் அம்மாவுக்கு நான் இங்கிலீஷ் படிப்பித்தேன், வெளிநாட்டில் அந்த வீட்டு மேடத்திடம் அம்மா அவ்வளவையும் பேசிவிட்டாள் என்றேன். டீச்சர் சிரித்து என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "அப்பிடியா? எங்க, என்னென்ன படிப்பிச்சீங்கன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்தி, டீச்சரின் கண்ணைப் பார்த்து, ஒவ்வொன்றாகச் சொன்னேன். நான் எடுக்கவில்லை. நான் உடைக்கவில்லை. நான் சாப்பிடவில்லை. நான் திறக்கவில்லை. நான் தூங்கவில்லை. நான் போனில் பேசவில்லை. நான் பிள்ளையை அடிக்கவில்லை. நான் பொய் சொல்லவில்லை. எல்லாவற்றையும் இங்கிலீஷில், டிட் வர வேண்டிய இடத்தில் டிட் வைத்து, மற்றச் சொல்லை மாறாமல் வைத்துச் சொன்னேன். முதல் வாக்கியத்துக்கு டீச்சர் தலையாட்டினார். மூன்றாவதற்கு மேல் தலையாட்டவில்லை. முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. கடைசியில் என் தோளைப் பிடித்திருந்த கையை எடுக்காமலே, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கேயோ பிழை விட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. எந்த வாக்கியத்தில் என்றுதான் தெரியவில்லை. அன்று பாடசாலை விட்டு மலைப் பாதையில் ஏறி வரும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.